கோபுரம் ஏற ஆள் இருக்கிறதா? மின்கட்டமைப்பு விரிவாக்கத்துக்கான ஆள்பலத் திட்டமிடல் ஓர் அறிமுகம்

ஒரு பெரிய சூரியமின் நிலையத்தையோ காற்றாலைப் பண்ணையையோ கட்டி முடிக்க 1 முதல் 5 ஆண்டு ஆகிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தைச் சுமந்து வர வேண்டிய உயர் அழுத்தத் தடத்தைத் திட்டமிட்டு, அனுமதி வாங்கி, கட்டி முடிக்க 5 முதல் 15 ஆண்டு ஆகிறது. சர்வதேச எரிசக்தி முகமை 2023இல் மின்கட்டமைப்புகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்கு இது. அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. நாடுகள் தாங்களே அறிவித்த பருவநிலை இலக்குகளை எட்ட வேண்டுமானால், 2040க்குள் 8 கோடி கிலோமீட்டர் நீளத்துக்குத் தடங்களைப் புதிதாகப் போட வேண்டும் அல்லது மாற்றிப் போட வேண்டும். இன்றைக்கு உலகம் முழுக்க உள்ள மின்தடங்களின் மொத்த நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இந்த எண்களைப் பற்றிய பேச்சில் பணம் வரும், நிலம் வரும், அனுமதி வரும், செம்பும் அலுமினியமும் வரும். கோபுரத்தில் ஏறப்போவது யார், ரிலேயை (பழுது வந்தால் தடத்தைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியை) சோதித்து "சரி, மின்சாரம் விடலாம்" என்று கையெழுத்துப் போடப்போவது யார் என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் எழும். அதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும், முடிக்க வேண்டிய தேதியும் அறிவித்தாகியிருக்கும்.

அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டு, எண்ணும் தேதியும் இடமும் போட்டுப் பதில் தேடுவதற்குப் பெயர்தான் ஆள்பலத் திட்டமிடல். எந்த வேலைக்கு, எந்த மாதத்தில், எந்த இடத்தில், என்ன திறமை உள்ளவர்கள் எத்தனை பேர் வேண்டும்? இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்த மாதம் வரும்போது அவர்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? குறைகிறவர்களை எங்கிருந்து, எவ்வளவு முன்கூட்டித் தேட வேண்டும்? இதில் "மொத்தம் 5,000 பேர் தேவை" என்பது போன்ற ஒற்றை எண் செய்தித்தாள் தலைப்புக்கு உதவும், வேலைக்கு உதவாது. 5,000 பேரும் கிடைத்து, பாதுகாப்பு ரிலே தெரிந்த நான்கு பேர் கிடைக்காததால் ஒரு துணை மின்நிலையம் மாதக்கணக்கில் சும்மா கிடக்கலாம்.

ஒரு தடத்துக்குப் பின்னால் யாரெல்லாம்?

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கோபுரமும் கம்பியும்தான் தெரியும். முதல் வேலை நடப்பது கணினியில். பத்து, பதினைந்து ஆண்டு கழித்து எங்கே எவ்வளவு மின்சாரம் தேவைப்படும், அது எந்தத் தடத்தில் பாயும், ஒரு தடம் அறுந்தால் மற்றவை தாங்குமா என்று கணிப்பவர்கள் கட்டமைப்புத் திட்டப் பொறியாளர்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அப்புறம் வழித்தடத்தை அளக்கும் நில அளவையாளர்கள், சுற்றுச்சூழல் ஆய்வு செய்பவர்கள், நில உரிமையாளர்களோடு உட்கார்ந்து பேசுபவர்கள். கடைசியாகச் சொன்னவர்களை யாரும் தொழில்நுட்ப ஆட்களாகக் கருதுவதில்லை. ஆனால் திட்டம் தாமதமாகிறதா இல்லையா என்பதை இவர்கள் வேலை தீர்மானிக்கும் அளவுக்கு வேறு யாருடைய வேலையும் தீர்மானிப்பதில்லை என்பது என் கருத்து.

அதற்குப் பிறகுதான் களம். அடித்தளம் தோண்டிக் கான்கிரீட் போடும் குழு ஒன்று. எஃகுத் துண்டுகளை எண் பார்த்து அடுக்கிக் கோபுரத்தை எழுப்பும் குழு இன்னொன்று. கம்பி இழுத்துத் தொய்வு சரிபார்க்கும் குழு மூன்றாவது. இந்த மூன்றும் வேறு வேறு திறமைகள். அடித்தளம் போடுபவரைக் கம்பி இழுக்க மேலே அனுப்ப முடியாது. துணை மின்நிலையத்திலோ கட்டுமானக்காரர்கள், டிரான்ஸ்ஃபார்மர் பொருத்துபவர்கள், வயரிங் செய்பவர்கள், பாதுகாப்பு ரிலேக்களை அமைத்துச் சோதிப்பவர்கள், தகவல்தொடர்பும் தொலைக்கட்டுப்பாடும் பார்ப்பவர்கள் என்று ஒரு நீண்ட வரிசை. எல்லாம் முடிந்தபின் 24 மணி நேரமும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டு அறைக்காரர்கள்.

கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வேண்டும்? ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் பார்த்தால் 4.2 பேர். விடுப்பு, உடல்நலக் குறைவு, கட்டாயப் பயிற்சி எல்லாம் சேர்ந்தால் ஐந்து அல்லது ஆறு பேர். ஒரு நாற்காலி என்றதும் ஓர் ஆள் என்று எழுதிவிடுவது திட்ட அறிக்கைகளில் அடிக்கடி நடப்பது.

வேலையை ஆளாக மாற்றும் கணக்கு

100 கிலோமீட்டர் நீளத்துக்கு 400 கிலோவோல்ட் தடம் ஒன்று போட வேண்டும் என்று எடுத்துக்கொள்வோம். கோபுரங்களுக்கு இடையே சராசரியாக 400 மீட்டர் என்றால் சுமார் 250 கோபுரங்கள். ஓர் அடித்தளக் குழுவில் 15 பேர், ஒரு கோபுரத்தின் நான்கு கால்களுக்கும் குழி தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்ற 8 நாள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மண்ணையும் பாறையையும் பொறுத்து இது மாறும். 250 கோபுரத்துக்கு 8 நாள் என்றால் 2,000 குழுநாள். மழை, விடுமுறை, வழி கிடைக்காத நாட்கள் போக ஆண்டுக்கு 220 நாள் வேலை நடக்கும் என்றால், ஓராண்டில் முடிக்க ஒன்பதுக்குச் சற்று மேல் வருகிறது. பத்துக் குழு, 150 பேர்.

இதுவரை பள்ளிக்கூடக் கணக்கு. இப்போது நிலத்தைப் பற்றிய பேச்சுவார்த்தை நான்கு மாதம் இழுத்துவிட்டது. முடிக்கும் தேதி மட்டும் மாறவில்லை. மீதம் 8 மாதம், அதாவது ஏறக்குறைய 147 வேலைநாள். அதே 2,000 குழுநாளுக்கு இப்போது 14 குழு தேவை, 210 பேர். வேலை ஒரு செங்கல்கூடக் கூடவில்லை. ஆனால் 60 பேர் கூடுதலாக, எட்டே மாதத்துக்கு வேண்டும். எட்டு மாதம் வேலை பார்க்க யார் ஊரைவிட்டு வருவார்கள்? வந்தாலும் ஒன்பதாவது மாதம் எங்கே போவார்கள்?

கம்பி இழுக்கும் குழுவின் நிலை இன்னும் மோசம். கோபுரங்களில் இரண்டு வகை உண்டு. கம்பியைத் தொங்கவிட்டுத் தாங்குபவை ஒன்று. கம்பியின் முழு இழுவிசையையும் தாங்கி, தடம் திரும்பும் இடங்களில் நிற்பவை இன்னொன்று. கம்பி இழுப்பது இந்த இரண்டாவது வகைக் கோபுரங்களுக்கு இடையே ஒரே நீட்டாக நடக்கும். நடுவில் ஒரே ஒரு கோபுரம், ஒரே ஒரு நிலத்தகராறால் எழும்பாமல் நின்றால், அந்த நீட்டு முழுவதும் நின்றுவிடும். இழுவை இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த ஆட்களும் நாள்சம்பளத்தோடு காத்துக் கிடப்பார்கள், அல்லது இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வேறு திட்டத்துக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் கூப்பிட்டதும் திரும்பி வரப்போவதில்லை.

ஆகவே ஆள் தேவையை ஆண்டுச் சராசரியாகக் காட்டும் எந்த அட்டவணையையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சராசரி 400 என்று இருக்கும். உண்மையில் ஆறு மாதம் 150, அடுத்த எட்டு மாதம் 700, பிறகு 200 என்று போகும். ஆள் கிடைக்காமல் திண்டாடுவது 700 பேர் தேவைப்படும் அந்த எட்டு மாதங்களில். மாதவாரியாக, திறமைவாரியாக, பகுதிவாரியாக வரைந்து பார்த்தால்தான் மேடும் பள்ளமும் கண்ணில் படும். பிறகு கூடவே மூன்று வரைபடம் போட வேண்டும்: எல்லாம் நேரத்துக்கு நடந்தால் எப்படி, நிலம் தாமதமானால் எப்படி, டிரான்ஸ்ஃபார்மர் தாமதமானால் எப்படி. கடைசியில் சொன்னது கற்பனை இல்லை. பெரிய மின்மாற்றி ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துக் கையில் வாங்க இப்போது நான்கு ஆண்டு வரைகூட ஆகிறது.

பயிற்சியின் விலை

ஆள் இல்லை என்றால் பயிற்சி கொடுத்து உருவாக்க வேண்டியதுதானே? வேண்டியதுதான். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் மட்டுமல்ல, அனுபவம் உள்ள நிர்வாகிகளும் இதில் சறுக்குகிறார்கள்.

அமெரிக்காவில் லைன்மேன் ஆவதற்கான வழக்கமான தொழில்பழகுநர் பயிற்சி 7,000 மணி நேரம் களத்தில் வேலை பார்ப்பது, கூடவே வகுப்பு. மூன்றரை முதல் நான்கு ஆண்டு. பாதுகாப்பு ரிலே பொறியாளருக்குப் பட்டம் வாங்கியபின் தனியாக நின்று முடிவெடுக்க இன்னும் சில ஆண்டுகள். இதைச் சுருக்க முடியாததற்குக் காரணம் பாடத்திட்டம் இல்லை. விதவிதமான பழுதுகளைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. அவை அட்டவணை போட்டு வருவதில்லை.

ஐந்தாவது ஆண்டில் 40 ரிலே பொறியாளர்கள் கூடுதலாக வேண்டும் என்று கணக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். பயிற்சி நான்கு ஆண்டு. நடுவில் நான்கில் ஒருவர் விலகிவிடுவார் என்று எடுத்துக்கொண்டால், இந்த ஆண்டே 54 பேரைச் சேர்க்க வேண்டும். அனுபவசாலி ஒருவர் இரண்டு பேரை மேய்க்கலாம் என்றால் 27 அனுபவசாலிகள். ஒவ்வொருவருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கற்றுக்கொடுப்பதில் போகும். 27இல் ஐந்தில் ஒன்று, ஐந்துக்கும் மேல். அதாவது பயிற்சி தொடங்கிய அன்றே, முழுத்திறமை உள்ள ஐந்து பேரின் உழைப்பு வேலையிலிருந்து கழிந்துவிடுகிறது. திறன் முதலில் குறைந்து, ஆண்டுகள் கழித்துத்தான் ஏறும்.

இந்தப் பள்ளத்தைக் காட்டாத திட்டம் முதல் நெருக்கடியிலேயே உடைந்துபோகும். வேலை நெருக்குகிறது, கற்றுக்கொடுப்பவர்களைக் களத்துக்கு இழுக்கிறார்கள், பயிற்சியில் இருப்பவர்கள் கேபிள் சுமக்கவும் படிவம் நிரப்பவும் பயன்படுகிறார்கள். நான்கு ஆண்டு கழித்துச் சான்றிதழ் இருக்கும், திறமை இருக்காது. ஓய்வுபெறும் மூத்தவர்களை வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று கற்றுக்கொடுக்க மட்டும் திரும்ப அழைப்பது இதற்கு நல்ல மாற்று. ஐம்பத்தெட்டு வயதுக்காரரை இன்னமும் கோபுரத்தில் ஏறச் சொல்வதைவிட, கீழே நின்று பத்துப் பேருக்குச் சொல்லித்தரச் சொல்வது எல்லா வகையிலும் நல்லது. ஆனால் அவர் ஓய்வுபெற்றுப் போனபின் தேடக்கூடாது, இரண்டு ஆண்டு முன்பே பேசி வைக்க வேண்டும்.

இதனால்தான் வயதுவாரிப் பட்டியல் இந்தத் துறையில் முதல் ஆவணம். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு நிறுத்தாமல், அடுத்த ஐந்து ஆண்டில் யார் யார் போகிறார்கள், அவர்களோடு என்ன தெரிந்த அறிவு போகிறது என்று எழுத வேண்டும். பல நாடுகளில் 1970கள், 80களில் கட்டமைப்பு வேகமாக வளர்ந்தபோது மொத்தமாகச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியேறினார்கள். அதன்பின் நீண்ட காலம் சேர்ப்பு மந்தமாக இருந்ததால், நடுவயதில் ஒரு பெரிய பள்ளம். இருபத்தைந்து வயதுக்காரர்கள் இருக்கிறார்கள், ஐம்பத்தைந்து வயதுக்காரர்கள் இருக்கிறார்கள், நாற்பது வயதில் ஆள் இல்லை. பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் வயது அதுதான்.

வேலை நடக்கும்போதும் விளக்கு எரிய வேண்டும்

புதிய சாலை போடும்போது பழைய சாலையை மூடிவிடலாம். மின்தடத்தில் அது நடக்காது. பழைய தடத்தைத் தரம் உயர்த்த வேண்டுமானால் அதில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், அது சுமந்த சுமையைப் பக்கத்துத் தடங்கள் தாங்க வேண்டும். எந்தத் தடத்தை எந்த நாளில் எத்தனை மணி நேரம் நிறுத்தலாம் என்று முடிவெடுப்பவர்கள் ஒரு தனிக் குழு. தடத்தை நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்ற அனுமதி (லைன் கிளியர்) கிடைக்காவிட்டால் களத்தில் ஆயிரம் பேர் இருந்தும் பயனில்லை.

இதை அலட்சியமாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் 2012 ஜூலை மின்வெட்டைப் பார்க்கலாம். 30ஆம் தேதி வடக்குப் பகுதி இருண்டது. 31ஆம் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சரிந்தன. 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதி அது. விசாரணைக் குழு பல காரணங்களைச் சொன்னது. அவற்றில் ஒன்று, பீனா–குவாலியர்–ஆக்ரா வழித்தடத்தில் ஒரு சுற்றை (ஒரு கம்பித் தொகுதியை) 765 கிலோவோல்ட்டுக்குத் தரம் உயர்த்துவதற்காக நிறுத்தி வைத்திருந்தது. மிஞ்சிய 400 கிலோவோல்ட் சுற்றின் மேல் சுமை ஏறியது. சில மாநிலங்கள் ஒதுக்கீட்டைவிட அதிகமாக இழுத்தன. கடைசியில், பழுது எதுவும் இல்லாமலேயே, அதிகச் சுமையைப் பழுது என்று எடுத்துக்கொண்டு பாதுகாப்பு ரிலே பீனா–குவாலியர் தடத்தைத் துண்டித்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விழுந்தன.

ஆள்பலத் திட்டமிடுபவர் இதைப் படித்தால் மூன்று வேலைகள் தெரியும். தடத்தை நிறுத்த நாள் குறிப்பவர், ரிலேயின் அமைப்பு எண்களைத் தீர்மானிப்பவர், சுமை ஏறும்போது கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர். மூன்றுமே எண்ணிக்கையில் சிறிய குழுக்கள். விரிவாக்கம் வேகம் பிடிக்கும்போது முதலில் மூச்சுத் திணறுபவையும் இவைதான். ஓராண்டில் 20 தடங்களை நிறுத்திப் பழகிய அலுவலகத்தில் திடீரென்று 60 விண்ணப்பம் வந்து விழும். கம்பி இழுக்கும் குழுவை மூன்று மடங்காக்கியவர்கள் அந்த அலுவலகத்தில் ஒரு நாற்காலியைக்கூடச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

2003 ஆகஸ்டில் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனபோதும், கட்டுப்பாட்டு அறைக்காரர்களுக்கு நெருக்கடிப் பயிற்சி போதவில்லை என்பது விசாரணை அறிக்கையில் தெளிவாக இருந்தது. வட அமெரிக்காவில் இன்று சான்றிதழ்த் தேர்வில் தேறாதவர் அந்த இருக்கையில் உட்கார முடியாது.

சோதனைக் குழுவின் நிலையையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு தடத்தின் இரண்டு முனைகளிலும் ரிலே உண்டு. நடுவில் பழுது ஏற்பட்டால் இரண்டும் ஒத்துப்போய்ச் செயல்படுகின்றனவா என்று பார்க்க, 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு நிலையங்களிலும் சோதனைக் கருவியோடு ஆட்கள் இருக்க வேண்டும். செயற்கைக்கோள் கடிகாரத்தை வைத்து இரண்டு கருவியும் ஒரே கணத்தில் செயற்கைப் பழுது மின்னோட்டத்தைச் செலுத்தும். ஒரு முனையில் ஒருவர் வரவில்லை என்றால் மறுமுனையில் இருப்பவர் வந்தது வீண். புதிய தடம் ஒன்று ஏற்கெனவே உள்ள நிலையத்தில் வந்து சேரும்போது, பக்கத்துத் தடங்களின் ரிலே அமைப்புகளையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஆக, ஒரு தடத்துக்கு ஒரு சோதனை என்று ஆள் கணக்குப் போட்டால் பாதிதான் வரும்.

ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார்

ஆள் பற்றாக்குறை என்றதும் வரும் முதல் பதில் இது. ஒரு நிறுவனத்துக்கு இது சரியான பதிலாக இருக்கலாம். ஒரே நாட்டில் ஆறு நிறுவனங்கள் இதே பதிலைச் சொன்னால் சிக்கல். ஆறு திட்ட அறிக்கைகளிலும் "வெளி ஒப்பந்தம்: 12 கம்பி இழுக்கும் குழுக்கள்" என்று இருக்கும். கூட்டினால் 72. நாட்டில் இருப்பது 30 என்றால் மீதி எல்லாம் காகிதத்தில் இருக்கும் குழுக்கள். ஒரே குழுவை மூன்று பேர் எண்ணியிருக்கிறார்கள்.

நேர்மின்சாரத்தில் இயங்கும் நீண்டதூர உயர் அழுத்தத் தடங்களுக்கு இது உலக அளவிலான சிக்கல். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாகவும் திரும்பவும் மாற்றும் அவற்றின் மாற்றி நிலையங்களைக் கட்டித்தரும் பெரிய நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே இயக்கிவைக்கும் வல்லுநர் குழு ஒரு கண்டத்தில் வேலையை முடித்துவிட்டு இன்னொரு கண்டத்துக்குப் பறக்கிறது. முதல் திட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனால், அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு நாட்டுத் திட்டமும் தள்ளிப்போகும்.

புயலும் ஒரு போட்டியாளர். காற்றில் கம்பங்கள் சாய்ந்தால் விரிவாக்கத் திட்டத்தில் இருக்கும் குழுக்களைத்தான் பிடுங்கி அனுப்புவார்கள். அதைத் தவறு சொல்ல முடியாது. ஆனால் புயல் பருவம் எப்போது என்று எல்லோருக்கும் தெரியும், திட்ட அட்டவணையில் மட்டும் அது இருப்பதில்லை.

போட்டித் திட்டங்களை ஒரே மேசையில் வைத்து, எந்த மாதத்தில் எந்தத் திறமைக்கு மோதல் வருகிறது என்று பார்த்து, சிலவற்றை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு யாராவது ஒருவர் வேண்டும். ஒழுங்குமுறை ஆணையமாக இருக்கலாம், நாட்டின் மின்கட்டமைப்பை இயக்கும் அமைப்பாக இருக்கலாம். வணிக ரகசியம் என்று நிறுவனங்கள் தயங்கும். இருந்தாலும், மூன்று திட்டங்கள் ஆறு மாத இடைவெளியில் வரிசையாக வந்தால் ஒரே குழு மூன்றையும் முடித்துவிடும். ஒரே நேரத்தில் வந்தால் மூன்று குழு வேண்டும், கூலி ஏறும், மூன்றுமே தாமதமாகும். வரிசையாக வேலை கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் ஒப்பந்தக்காரரும் துணிந்து ஆள் சேர்த்துப் பயிற்சி தருவார். அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்றே தெரியாதவர் நான்கு ஆண்டுப் பயிற்சிக்குப் பணம் போடுவாரா?

கம்பியா, கேபிளா?

எந்தத் தொழில்நுட்பம் என்று தேர்ந்தெடுக்கும்போதே எந்த ஆட்கள் என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஜெர்மனியின் சூயட்லிங்க் இதற்கு நல்ல பாடம். வடக்கில் கிடைக்கும் காற்றாலை மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோகும் திட்டம் அது. ஏறக்குறைய 700 கிலோமீட்டர், 4 ஜிகாவாட், 525 கிலோவோல்ட் நேர்மின்சாரம். முதலில் கோபுரங்களில் கம்பியாகப் போவதாக இருந்தது. வழியில் இருந்த மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2015இல் இத்தகைய தடங்களுக்கு நிலத்தடிக் கேபிளுக்கே முன்னுரிமை என்று சட்டம் மாறியது. 2022இல் முடிய வேண்டியது இப்போது 2028 இறுதிக்குப் போயிருக்கிறது. வழித்தடத்தையே புதிதாக வரைய வேண்டியிருந்தது, ஆயிரக்கணக்கில் அனுமதிக் காகிதங்கள் என்று தாமதத்துக்குப் பல காரணங்கள்.

ஆள் கணக்கின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஒரே சட்டத்திருத்தத்தில் கோபுரம் எழுப்புபவர்கள் பட்டியலிலிருந்து வெளியே போனார்கள், கேபிள் இணைப்பவர்கள் உள்ளே வந்தார்கள். கேபிளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஒரே நீளமாகக் கொண்டுவர முடியாது. உருளை லாரியில் ஏற வேண்டுமே. ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை இரண்டு முனைகளைச் சேர்க்க வேண்டும். அந்த இணைப்பு வேலை தூசி புகாத கூடாரத்துக்குள் நடக்கும். மேல் உறைகளைச் சீவி, காப்புப் பொருளைக் கண்ணாடி போலாகும்வரை மெருகேற்றி, அதன்மேல் இணைப்பு உறையை ஏற்ற வேண்டும். உள்ளே ஒரு துகளோ ஒரு கீறலோ இருந்தால் பிறகு ஒருநாள் அந்த இடத்தில் வெடிக்கும். ஓர் இணைப்புக்கே பல நாள் பிடிக்கும். இப்படி நூற்றுக்கணக்கான இணைப்புகள். இந்த அழுத்தத்தில் இணைக்கத் தெரிந்த கைகள் எங்கேயும் ஏராளமாக இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. பழைய கோபுரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதிக வெப்பத்திலும் குறைவாகத் தொய்யும் புதுவகைக் கடத்தியை (மின்கம்பியை) மட்டும் மாற்றினால், அதே வழித்தடத்தில் கணிசமாகக் கூடுதல் மின்சாரம் போகும். நிலம் வேண்டாம், அடித்தளக் குழு அநேகமாக வேண்டாம். ஆனால் நடுவில் கரியிழை உள்ள வகையாக இருந்தால் அதைக் கண்டபடி வளைக்கக்கூடாது, உள்ளே முறிந்துவிடும். கையாளத் தனிப் பயிற்சி தேவை. தடத்தை நிறுத்தும் நாட்களும் வேண்டும். நிறுத்த முடியாத இடங்களில், மின்சாரம் ஓடும்போதே வேலை பார்க்கத் தெரிந்த குழு வேண்டும். அது லைன்மேன்களிலேயே தேர்ந்தெடுத்த சிலர் மட்டும் செய்யும் வேலை.

இதனால் எனக்குப் படுவது: திட்டம் முடிவாகும் கூட்டத்தில் செலவுப் பத்தி, கால அளவுப் பத்தி என்று ஒப்பிடும்போது, ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் "இதற்கு அரிதான திறமை எது, நம்மிடம் எத்தனை பேர்" என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். பெரும்பாலும் அது இருப்பதில்லை.

ஆளைச் சேர்க்காமலேயே தேவையைக் குறைக்கும் வழிகளும் உண்டு. துணை மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையைத் தொழிற்சாலையிலேயே வயரிங் செய்து, சோதித்து, பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கலாம். எல்லா நிலையங்களுக்கும் ஒரே வரைபடம், ஒரே ரிலே அமைப்பு முறை என்று வைத்தால் வடிவமைப்பாளரின் நேரம் பெருமளவில் மிச்சமாகும். பொறியாளர்களுக்கு இது பிடிக்காது. ஒவ்வொருவருக்கும் தன் வரைபடம்தான் உயர்ந்தது. கம்பி இழுப்பதற்கான முதல் கயிற்றைப் பள்ளத்தாக்கின் குறுக்கே ட்ரோன் கொண்டுபோய்ப் போடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பல பேர் காட்டுக்குள் நடந்து செய்த வேலை அது. பிற துறைகளிலிருந்து ஆள் எடுப்பதும் பலன் தரும். கடலில் எண்ணெய்த் தளங்களில் உயரத்தில் வேலை பார்த்தவருக்கோ ரயில் மின்மயப் பணியில் கம்பி இழுத்தவருக்கோ பாதிக்குமேல் ஏற்கெனவே தெரியும். மீதியைச் சொல்லிக்கொடுக்க நான்கு ஆண்டு தேவைப்படாது.

ஒன்றில் மட்டும் கை வைக்கக்கூடாது. பயிற்சியில் இருப்பவர்களுக்கும் மேற்பார்வையாளருக்கும் உள்ள விகிதத்தைத் தளர்த்தி ஆள் கணக்கைச் சரிக்கட்டுவது காகிதத்தில் எளிது. உயரமும் உயர் அழுத்தமும் சேர்ந்த இடத்தில் அது உயிர்களில் போய் முடியும். ஒரு விபத்துக்குப் பின் வேலை வாரக்கணக்கில் நிற்கும், மற்றவர்களும் விலகத் தொடங்குவார்கள். அவசரத்தில் மிச்சம் பிடித்த மாதங்கள் அங்கேயே போய்விடும்.

கட்டுமானம் உச்சத்தைத் தாண்டியபின் என்ன என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். 250 கோபுரங்கள் நின்றுவிட்டால், அவற்றுக்கு அடுத்த 50 ஆண்டு ரோந்து வேண்டும், மரம் வெட்ட வேண்டும், உடைந்த இன்சுலேட்டர் மாற்ற வேண்டும். கட்டியவர்களில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக முதல் நாளே சொன்னால், நல்ல ஆட்கள் நடுவில் ஓடமாட்டார்கள். எத்தனை பேரை எடுக்கலாம் என்ற எண்ணைக் கட்டுமானத் துறை தர முடியாது, பராமரிப்புத் துறைதான் தர வேண்டும். பல நிறுவனங்களில் இந்த இரண்டு துறைகளும் தனித்தனி வரவுசெலவுக் கணக்கு வைத்துக்கொண்டு, திட்டம் கைமாறும் நாளன்றுதான் முதன்முறையாகச் சந்திக்கின்றன. குறைந்தது மூன்று ஆண்டு முன்பே இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து அந்தப் பட்டியலைப் பெயர்வாரியாக எழுதச் சொல்வது, செலவே இல்லாமல் செய்யக்கூடிய வேலை.